இரவுத் தூக்கத்திற்கு மூலிகைப் பானம்: சில விளக்கங்கள்

இரவில் உறக்கம் பிடிக்காமல் புரள்வது முதியவர்களின் தொல்லை மட்டுமன்று. மும்பையில் ஷிப்டு வேலையும் நீண்ட ரயில் பயணமும் இளைஞர்களின் தூக்கத்தையும் கெடுக்கின்றன. மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை விழுங்குவோர் உண்டு. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று அளவின்றிக் குடிப்போரும் உண்டு. இரண்டும் தவறு. எந்த மூலிகை எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நிறுத்த வேண்டியது

பகல் முழுதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து நமக்குத் தூக்க உணர்வைத் தருகிறது. அது அமர வேண்டிய இடத்தைக் காப்பி, டீயிலுள்ள காஃபீன் பிடித்துக்கொள்கிறது. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காப்பியில் 80 மில்லிகிராம் காஃபீன் இருந்தால், இரவு 11 மணிக்கும் 40 மில்லிகிராம் மிச்சமிருக்கும். அதன் மேல் கஷாயம் குடிப்பது, பிரேக்கை விடாமல் வண்டியை ஓட்டுவது போன்றது. கிரீன் டீயும் தேயிலைதான். அதிலும் காஃபீன் உண்டு. ‘துளசி டீ’ வாங்கும்போதும் தேயிலை கலந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள்.

கடைசி லோக்கல் போன பின், முதல் லோக்கல் வருமுன் கிடைக்கும் சில மணி நேரத்தில்தான் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும். அத்தகைய இரவுப் பணி செய்வோர் விழித்திருக்க டீ குடிப்பது இயல்பே. காலை 7 மணிக்குப் படுப்பவர் இரவு 1 மணியோடு டீயை நிறுத்திக்கொள்வது நல்லது.

எதைக் குடிக்கலாம்?

சீமைச் சாமந்தி: வெளிநாடுகளில் பெயர் பெற்ற ‘கெமோமில்’ இதுவே. மாட்டுங்கா பூக்கடைகளில் தொடுத்து விற்கும் செவ்வந்தி வேறு. அதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். உலர்ந்த சீமைச் சாமந்திப் பூ ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு கப் வெந்நீரில் போட்டு, 5 முதல் 10 நிமிடம் மூடி வைத்து வடிகட்டவும். இதுவரை நடந்த சிறு ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. உறுதியான முடிவு இல்லை. செவ்வந்தி இனப் பூக்கள் ஒவ்வாதவர்களும், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்போரும் தவிர்க்கவும்.

அமுக்கரா: சித்த மருத்துவத்தில் பாலோடு கொடுப்பது வழக்கம். தாவர நூலார் இதற்கு இட்ட ‘சோம்னிபெரா’ என்ற பெயருக்கே ‘உறக்கம் தருவது’ என்று பொருள். ஆய்வுகளில் சிறிய அளவு பலன் தெரிகிறது. ஆனால் சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் செய்திகள் உள்ளன. டென்மார்க் 2023-இல் இதைத் தடை செய்தது. கர்ப்பிணிகளும், தைராய்டு, ஈரல் நோய் உள்ளவர்களும் தொடக்கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரிடம் அளவு கேட்டே உண்ண வேண்டும்.

ஜாதிக்காய்: பாலில் ஒரு சிட்டிகை போதும். 5 கிராம் அளவுக்குப் போனால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் வரும்.

கசகசா: சுத்தம் செய்த விதையைச் சமையலுக்குச் சிறிது அரைத்துச் சேர்ப்பதோடு நிறுத்துங்கள். விதையை ஊறவைத்த நீரைக் குடிப்பது ஆபத்து. சுத்தம் செய்யாத விதையில் ஒட்டியிருக்கும் அபின் பொருள் உயிருக்கே உலை வைக்கும். துபாய்க்கோ சவூதிக்கோ போகும் பிள்ளைகளின் பெட்டியில் இதை வைத்து அனுப்பாதீர்கள். அங்கே இது தடை செய்யப்பட்ட பொருள். சிறை வரை கொண்டு போய்விடும்.

கவனிக்க வேண்டியவை

1. பானத்தைப் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே, அரை டம்ளர் அளவு குடித்தால் போதும். அதிகம் குடித்தால் நடு இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டி வரும். முதியோர் இருட்டில் தடுக்கி விழுந்து எலும்பு முறிவது அப்படித்தான்.

2. தூக்க மாத்திரையோடு மூலிகையைச் சேர்க்கக்கூடாது. நெடுநாள் உண்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

3. எத்தனை மணிக்குப் படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் பின் படுங்கள். இத்தகைய பழக்கப் பயிற்சியையே நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, மருந்துக்கும் முன்பாக, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

4. உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறுதல், பகலில் தூங்கி விழுதல் இவை இருந்தால் எந்தக் கஷாயமும் உதவாது. வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் தூக்கமின்றி மூன்று மாதம் கடந்தாலும் மருத்துவரை அவசியம் பார்க்கவும்.

மூலிகைப் பானம் உறக்கத்திற்கு ஒரு துணை மட்டுமே. மாலைக் காப்பியை விட்டு, நேரத்தில் எழுந்து பழகுவோருக்கே அது பயன் தரும். வாசகர்கள் இன்று மாலையிலிருந்தே காப்பியைக் குறைத்து, இரு வாரம் தொடர்ந்து பார்க்கலாம்.