கண்ணாடித் தொட்டியில் கடல்மீன்களின் பகையும் இணக்கமும்

இராமநாதபுரம் ஜில்லாவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்துள்ளது வாலிநோக்கம் என்னும் ஊர். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை அவ்வளைகுடாவில் தொடராய்க் கிடக்கும் 21 தீவுகளைச் சூழ்ந்து பவழப்பார்கள் உள்ளன. அப்பார்களில் வாழும் வண்ணமீன்களின் அழகை யாவரும் புகழ்வர். அவற்றின் சண்டைக் குணத்தை அறிந்தோர் சிலரே. மீன் வளர்க்க விரும்புவோர் முதற்கண் அறியவேண்டுவது அக்குணமேயாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மீன்கள் சண்டையிடுவது ஏன்? இடம், இரை, துணை, முட்டை ஆகிய நான்கின் பொருட்டே பெரும்பாலும் சண்டை நிகழ்கின்றது. ஒரே இனத்து மீன்கள் ஒரே வகையான பொந்தையும் ஒரே வகையான இரையையும் நாடுவன. ஆதலால் ஒரு மீனுக்குப் பெரும்பகை அதன் இனமேயாம். ஆஸ்திரிய தேசத்து விஞ்ஞானியாகிய கான்ராட் லாரென்ஸ் என்பார், 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பவழமீன்கள் தம் இனத்தையே மிகக் கடுமையாய்த் தாக்குகின்றன என எடுத்துக் காட்டினார். பின்வந்தோர் இவ்விதிக்கு விலக்குகளும் கண்டனர். டாம்செல் என்னும் சிறுமீன்களுட் சில, கல்லின்மேற் படரும் பாசியைத் தம் பயிர்போலக் காத்து நிற்கும்; அதனை மேயவரும் மீன் எவ்வினத்ததாயினும், தம்மினும் பன்மடங்கு பெரிதாயினும், பாய்ந்து துரத்தும்.

கடலில் இச்சண்டை உயிர்ச்சேதமின்றி முடிதலே பெரும்பான்மை. வலிய மீன் துடுப்புகளை விரித்து, நிறத்தைக் கறுப்பித்து, வாலால் நீரை அடித்து எச்சரிக்கும். எளிய மீன் ஓடிவிடும். எல்லையைக் கடந்ததும் துரத்தலும் நின்றுபோம். கண்ணாடித் தொட்டியிலோ ஓடுவதற்கு எல்லையே இல்லை. தோற்ற மீன் எம்மூலைக்குச் சென்றாலும் பகைவனின் கண்முன்னரே நிற்கின்றது. துடுப்பு கிழிந்து, இரை கொள்ளாமல் மெலிந்து, நோய்வாய்ப்பட்டு இறக்கின்றது. ஆதலின் மீனைக் கொல்வது பகை மட்டுமன்று, தப்பும் வழியின்மையுமாம்.

கோமாளி மீனை உதாரணமாகக் கொள்வோம். இது கடற்சாமந்தியின் கொட்டும் இதழ்களிடையே அஞ்சாது வாழ்வது. ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை குஞ்சு ஈனாத சிறு மீன்கள். பெண் இறப்பின் ஆணே பெண்ணாக மாறும். கீழ்ப்படியிலுள்ளவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு சிறியனவாகவே இருந்து தண்டனைக்குத் தப்புகின்றன. ஆகவே சிறு தொட்டியில் இரண்டு இளமீன்களை விட்டால் அவை இணையாகும். முதிர்ந்த மீன் மூன்றாவதாய் வந்தால் அதற்கு வாழ்வில்லை.

இனி, கூட்டு வாழ்க்கைக்கு ஏற்ற மீன்களைத் தெரிந்துகொள்ளும் முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, வாயளவை நோக்குக. களவா போன்ற மீன், தன் வாய்க்குள் அடங்கும் மீனைத் தோழனெனக் கொள்ளாது, இரையெனவே கொள்ளும். வலிய பற்களையுடைய கிளாத்தியும் சிறுமீன்களோடு சேரத்தகாதது.

இரண்டாவது, உருவமும் நிறமும் ஒத்த மீன்களை ஒரு தொட்டியில் விடுதல் தகாது.

மூன்றாவது, சாதுவான மீன்களை முதலிலும் முரட்டு மீன்களை இறுதியிலும் விடுக. முன்வந்த மீன் தொட்டி முழுவதையும் தன் உடைமையாகக் கருதும். புதுமீன் வருங்கால் கற்களை இடம் மாற்றி அமைப்பின், பழைய எல்லைகள் குலைந்து பகையும் தணியும்.

நான்காவது, மீன்களின் தொகையினும் பொந்துகளின் தொகை மிகுதியாயிருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, இரையை ஓரிடத்தில் மட்டும் இடாது பல இடங்களில் தூவுக. மெதுவாய் உண்ணும் மீன், விரைந்து உண்பனவற்றோடு சேரின், ஒரு கடியும் படாமலே பட்டினியால் மடியும்.

இவ்விதிகளைப் புறக்கணிப்பதால் நேரும் நஷ்டம் தொட்டியோடு முடிவதன்று. இறந்த மீனுக்கு ஈடாக மற்றொன்றை வாங்குகின்றோம். அது பாரிலிருந்து பிடிக்கப்பட்டதாயின், பார் ஒரு மீனை இழக்கின்றது. பாசியை மேயும் மீன்கள் குறையின் பாசி பெருகிப் பவழத்தை மூடும். மன்னார் வளைகுடாத் தீவுப்பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடற்குதிரையோ 2001 முதல் வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது; அதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனையும் டாம்செல் மீன்களையும் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளைக் கண்டுள்ளனர். ஆதலின் வாங்குவோர், பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குதல் நன்று.

மீனின் சுபாவத்தை நம் விருப்பத்திற்கேற்ப மாற்றுதல் இயலாது. அச்சுபாவத்தை அறிந்து, தொட்டியையும் தோழர்களையும் அதற்கேற்ப அமைத்தலே நம்மால் ஆவது. வாங்குமுன் ஒரு நாழிகை ஆராய்வோமாயின், பல உயிர்கள் பிழைக்கும்.