சுவருக்குள் கசியும் நீரும் வீட்டு இன்ஷ்யூரன்ஸும்

தீப்பற்றினால் ஊர் அறியும். வெள்ளம் புகுந்தாலும் ஊர் அறியும். சுவருக்குள் பதித்த குழாயில் மயிரிழை அளவு பிளவு கண்டு நீர் கசியுமானால், அதை வீட்டுக்கு உடையவரே பல நாள் அறியமாட்டார். பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்த பிறகோ, அலமாரியின் பின்பலகை ஊறி உப்பிய பிறகோதான் கண்ணுக்குப் புலனாகும். இன்ஷ்யூரன்ஸ் செய்திருக்கிறோமே என்று அவர் கம்பெனிக்கு எழுதுவார். 'இது பல மாதக் கசிவு. பாலிஸியில் அடங்காது' என்று பதில் வரும். இத்தகைய தாவாக்கள் எவ்வாறு எழுகின்றன, எதை வைத்துத் தீர்க்கப்படுகின்றன என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

நெசவாளருக்கும் குடியானவருக்கும் இதில் என்ன அக்கறை என்று சில அங்கத்தினர்கள் கேட்கலாம். முற்றத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் நீர் எடுத்த காலத்தில் இக்கேள்வி பொருந்தும். இன்றோ மொட்டை மாடியில் தொட்டி, சுவருக்குள் குழாய், அச்சுவரை ஒட்டியே தறிக்குழி. வீட்டுக் கடன் வாங்கும்போது அதனுடன் இன்ஷ்யூரன்ஸ் பத்திரமும் பல வீடுகளுக்கு வந்துவிடுகிறது. பத்திரம் பெட்டிக்குள் போகிறது, படித்தவர் சிலரே. பிரீமியம் கட்டியவர், தாம் எதற்குக் கட்டினோம் என்பதை நஷ்டம் வந்த அன்றுதான் தெரிந்துகொள்கிறார்.

முதலில் நீரின் கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு ஒரு துளி சொட்டும் கசிவு என்று கொள்க. ஏறத்தாழ 20 துளி சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். ஒரு நாளில் 86,400 நொடி. ஆகவே நாளொன்றுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். 30 நாளில் சுமார் 130 லிட்டர். 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 4 லிட்டர் குறைந்தால் மட்டம் 4 மில்லி மீட்டர்தான் இறங்கும். அதை யார் கவனிப்பார்? ஆனால் 130 லிட்டர் நீர் ஒரே சுவருக்குள் இறங்கினால் செங்கல்லும் பூச்சும் மரச் சட்டமும் என்ன ஆகும் என்பதைக் கொத்தனார் எவரும் சொல்லுவார். கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவு, தெரிய வரும்போது பெரு நஷ்டமாகிவிடுகிறது. வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்ஷ்யூரன்ஸ் என்பது எதிர்பாராத கேட்டுக்கு ஈடு. நாள்பட நாள்படத் தேய்வதற்கும் இற்றுப்போவதற்கும் ஈடு தருவது அதன் இயல்பன்று; அது பராமரிப்புச் செலவு. குழாய் பட்டென்று வெடித்து நீர் பீறிட்டால் அது விபத்து என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. இணைப்பு ஒன்று ஆண்டுக்கணக்கில் கசிந்து, சுவரில் பாசி பிடித்ததைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வாளாவிருந்தால், அது அசட்டை என்பதிலும் ஐயம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மறைந்த கசிவு. காலத்தை நோக்கினால் அது நாள்பட்டது. உடையவரின் அறிவை நோக்கினால் அது திடீரென்று வந்தது. எதை அளவுகோலாகக் கொள்வது?

அமெரிக்காவில் இத்தகராறு மிகுதி. அங்கே வீட்டு இன்ஷ்யூரன்ஸ் பரவலாக உள்ளது. வீட்டுச் சுவர்களோ பெரும்பாலும் மரச் சட்டங்களின் மீது மெல்லிய பலகை அறைந்தவை. குழாய்கள் அந்த இடைவெளியில் ஓடுகின்றன. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அந்நாட்டுக் கம்பெனிகள் பல, 'திடீரென்றும் தற்செயலாகவும்' வெளிப்பட்ட நீரால் வந்த நஷ்டத்துக்கு ஈடு தருவோம், இடையறாமலோ மீண்டும் மீண்டுமோ வாரக்கணக்கில் கசிந்த நீருக்குத் தரமாட்டோம் என்று எழுதி வைத்துள்ளன. சில பாலிஸிகள் '14 நாள் அல்லது அதற்கு மேல்' என்று நாளையே குறித்துவிட்டன.

இந்த 14 நாள் விதி பற்றி பிளாரிடா மாநிலத்தின் ஐந்தாவது மாவட்ட மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2018ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு நாம் படிக்கத்தக்கது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத சமயம், குளிர்பதனப் பெட்டிக்கு நீர் கொண்டுசெல்லும் சிறு குழாய் அதன் பின்புறத்தில் கசியத் தொடங்கியது. ஐந்து வாரமோ அதற்கு மேலோ கசிந்திருக்கும் என்று கணிக்கப்பட்டது. ஐந்து வாரம் 14 நாளுக்கு மேற்பட்டது, ஆகவே ஒரு காசும் இல்லை என்றது கம்பெனி. கீழ்க்கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. மேல்கோர்ட்டு மாற்றியது. 14 நாளோ அதற்கு மேலோ கசிந்ததால் வந்த நஷ்டத்தைத்தான் பாலிஸி விலக்குகிறது. முதல் 13 நாளில் வந்த நஷ்டத்தையும் விலக்குவதாக அது தெளிவாகச் சொல்லவில்லை. விலக்க விரும்பிய கம்பெனி அவ்வாறே எழுதியிருக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே முதல் 13 நாள் நஷ்டத்துக்கு ஈடு உண்டு என்று ஆயிற்று.

இத்தீர்ப்பைக் கேட்டவுடன் நம் அங்கத்தினர்கள் மகிழ்ந்துவிடக் கூடாது. பிளாரிடாக்காரர் கையிலிருந்தது, வீட்டுக் கட்டடத்துக்கு வரும் எந்தக் கேட்டையும் ஏற்றுக்கொண்டு, சிலவற்றை மட்டும் விலக்கும் வகைப் பத்திரம். அதில் நஷ்டம் வந்ததைக் காட்டினால் போதும். விலக்கு பொருந்தும் என்பதைக் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். நம் நாட்டில் பெரிதும் வழங்குவதோ, ஏற்கும் கேடுகளைப் பெயர் பெயராகக் குறித்த பத்திரம். அக்கேடுகளுள் ஒன்றால்தான் நஷ்டம் வந்தது என்று காட்டும் பாரம் முதலில் நம்முடையது. இந்த வேற்றுமையை மறந்து வெளிநாட்டுத் தீர்ப்பை நீட்டினால் பயன் இராது.

நம் பத்திரம் என்ன சொல்கிறது? இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 1.4.2021 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிஸியைப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் வழங்கி வருகின்றன. தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு முதலியவற்றோடு 'நீர்த்தொட்டி, நீர்ச்சாதனம், குழாய் ஆகியவை வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல்' என்பதும் அதில் ஒரு கேடாகக் குறிக்கப்பட்டுள்ளது. கட்டடத்துக்கு இன்ஷ்யூர் செய்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், தானே சேர்ந்துவிடும்.

சொல்லைக் கவனிக்க வேண்டும். 'வெடித்தல்', 'வழிதல்' என்று இருக்கிறதே அன்றி, வீட்டுக் குழாயின் 'கசிதல்' என்று இல்லை. தீயணைக்கத் தானே நீர் தெளிக்கும் சாதனத்தைப் பற்றிய தனி விதியில்தான் கசிவு பேசப்படுகிறது. அது நம் வீடுகளில் இல்லாத பொருள். அப்படியானால் மறைந்த கசிவுக்கு ஈடே இல்லையா? எம் கருத்து இது: குழாயின் உடல் பிளந்து நீர் வெளியேறியிருந்தால், பிளவு சிறிதாயினும் சுவருக்குள் மறைந்திருந்தாயினும், அதை வெடிப்பு என்று வாதிக்க இடம் உண்டு. இணைப்பில் பூசிய பசை இற்றுச் சொட்டியது என்றால் வாதம் மெலிந்துவிடும். தரைக்கடியிலிருந்து ஏறிய ஓதத்தையும், மழைநீர் இறங்கிய சுவரையும் குழாய் வெடிப்பு என்று காட்ட முயல்வது வீண்.

சொற்களைப் படிக்கும் முறைக்கு நம் உச்ச நீதிமன்றமே இரு பக்கமும் வழிகாட்டியுள்ளது. புஷ்பாலயா பிரிண்டர்ஸ் என்ற அச்சகத்தின் வழக்கில் (2004), அருகில் ஓடிய புல்டோசரின் அதிர்ச்சியால் கட்டடமும் இயந்திரமும் சேதமுற்றன. வண்டி 'மோதுதல்' என்றுதான் பாலிஸியில் உள்ளது, வண்டி தொடவே இல்லையே என்றது கம்பெனி. அச்சொல்லுக்கு இரு பொருள் கொள்ள இடமிருப்பதால், பத்திரத்தை எழுதிய கம்பெனிக்கு மாறாகவும் இன்ஷ்யூர் செய்தவருக்கு அனுகூலமாகவும் பொருள் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டில் வேறொரு வழக்கில், கன்னக்களவு என்பதற்குப் பலாத்காரமாக நுழைதல் வேண்டும் என்று பாலிஸியே தெளிவாக வரையறுத்திருந்தமையால், பலாத்காரமின்றி நடந்த திருட்டுக்கு ஈடு இல்லை என்றது. ஐயம் உள்ள சொல் நம் பக்கம். தெளிவான சொல் அதன் பக்கமே. கம்பெனிக்காரர்களை நாம் கொடியவர் என்று கருத வேண்டியதில்லை. அவர்களும் பிறர் கட்டிய பிரீமியத்திலிருந்துதான் ஈடு கொடுக்கிறார்கள். ஆயினும் பத்திரத்தை எழுதியவர்கள் அவர்களே என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

இனிச் செய்யத்தக்கவை. கசிவு தெரிந்தவுடன் வால்வை மூடி நீரை நிறுத்துக. நஷ்டத்தைப் பெருகவிட்டவர் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தரலாகாது. சுவரை உடைப்பதற்கு முன் படம் எடுத்து, அன்றே கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும். அவசரத்தின் நிமித்தம் உடைக்க நேர்ந்தால் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொண்டே உடைக்கவும். வெட்டி எடுத்த குழாய்த் துண்டை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள்! பெரும்பாலோர் செய்யும் பிழை இதுவே. பிளந்த துண்டுதான் வெடிப்புக்குச் சாட்சி. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் பிறகு கம்பெனியோடு வாதாடுவது, பத்திரத்தைக் கிழித்துவிட்டுக் கடன் கேட்பது போலாகும். குழாய் வேலை செய்தவரிடம் எங்கே, எந்த விதமான உடைப்பு, துரு உண்டா இல்லையா என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பம் பெறுவதும் நலம்.

காலத்துக்கும் சாட்சி வேண்டும். வெளிநாடுகளில் நீர் மீட்டர் கணக்கு எந்த மாதம் செலவு கூடியது என்று காட்டிவிடுகிறது. மீட்டர் இல்லாத நம் ஊர்களில் மோட்டார் ஓடிய நேரம், சென்ற பொங்கலுக்கு வெள்ளையடித்த ரசீது, அச்சுவர் பின்னணியில் தெரியும் குடும்பப் படம் ஆகியவை உதவும். தையில் உலர்ந்திருந்த சுவர் மாசியில் ஊறியிருந்தால், பல ஆண்டுக் கசிவு என்ற வாதம் நில்லாது.

சர்வேயர் வரும்போது சிலர் பரிதாபம் தேட எண்ணி, 'இந்த வீட்டில் எப்போதுமே ஈரம்தான் ஐயா' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் ஏறிவிடும். பொய் சொல்லுமாறு நாம் கூறவில்லை. பொய்க் கோரிக்கை முழு ஈட்டையும் இழக்கச் செய்யும். அடியில் உள்ள பழைய ஓதம் வேறு, மேலே புதிதாகப் பரவிய ஈரம் வேறு என்று உள்ளபடி பிரித்துக் காட்டுக. சர்வேயரின் அறிக்கை மதிப்புடையதே. ஆயினும் அதுவே முடிந்த முடிபு அன்று என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியுள்ளது. அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்று, தவறு இருப்பின் எழுதி மறுக்கலாம்.

கோரிக்கையில் எதைக் கேட்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். குழாய்த் துண்டின் விலை அற்பம். நீரால் கெட்ட பூச்சு, கதவு, சாமான் ஒரு கணக்கு. கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரையும் தரையையும் உடைத்து மூடிய செலவு மற்றொரு கணக்கு. அமெரிக்க, ஆங்கிலேயப் பாலிஸிகள் பலவற்றில் இவ்வுடைப்புச் செலவுக்குத் தனி விதியே உண்டு. நாமும் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். கலந்து எழுதினால் ஒன்றைத் தள்ளும்போது மற்றதும் சேர்ந்து போகும்.

தறியும் நூலும் பற்றி ஒரு வார்த்தை. தறிக்குழியில் நீர் இறங்கிப் பாவு நனைந்தால், வீட்டுப் பாலிஸி அதைத் தாங்கும் என்று நம்பியிருக்கலாகாது. அது குடித்தனச் சாமானுக்கு உரியது. குடியானவர் கூடத்தில் அடுக்கிய மஞ்சள் மூட்டைக்கும் இதே நிலை. வீட்டிலேயே தொழில் நடக்கிறது என்பதைப் பாலிஸி எடுக்கும்போதே எழுதித் தெரிவித்து, தொழிற் பொருளுக்குத் தனியே இன்ஷ்யூர் செய்க. 5 கோடி ரூபாய் மதிப்புவரை உள்ள சிறு தொழிலுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிஸி உள்ளது. சங்கம் கொடுத்த நூல் சங்கத்தின் சொத்தாதலால், அங்கத்தினர் வீடுகளில் உள்ள சரக்கும் சங்கப் பாலிஸியில் இடம் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளதா என்று நிர்வாகக் குழுவில் கேட்பது ஒவ்வொருவர் உரிமை.

கம்பெனி மறுத்துவிட்டால், முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை ஈடளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. ஆனால் ஒரே வழக்கை ஆணையத்திலோ கோர்ட்டிலோ தொடுத்துவிட்டு ஆம்பட்ஸ்மனிடமும் செல்ல இயலாது.

படிப்பு வட்டங்கள் பின்வரும் நிலையை ஆராய்க. ஓர் அங்கத்தினர் மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு 20 நாள் வீட்டைப் பூட்டிச் சென்று திரும்புகிறார். சமையலறைச் சுவருக்குள் குழாய் நீளவாக்கில் பிளந்துள்ளது. சுவரின் அடியில் இரண்டு சாண் உயரத்துக்கு ஓதம் முன்பே உண்டு. அடுத்த அறையில் தறியின் பாவும், வீட்டு அரிசி மூட்டையும் நனைந்துள்ளன. அவர் எவற்றை வீட்டுப் பாலிஸியில் கேட்கலாம்? எவற்றைக் கேட்கலாகாது? வீடு பூட்டியிருந்த நாட்களைப் பற்றித் தம் பத்திரத்தில் ஏதேனும் விதி இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்து வரவும். விடைகளைச் சங்கக் காரியதரிசி வாயிலாக அனுப்பினால், அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.