தெளிந்த வானமும் கருகிய தோப்பும்

அமெரிக்காவின் தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம், சுருக்கமாக நோவா, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் குளிர்கால முன்னோட்டத்தை வெளியிடும். 2024 அக்டோபரில் வந்த வரைபடத்தில் புளோரிடா உட்படத் தென்மாநிலங்களுக்கு வழக்கத்தைவிட வெப்பமும் வழக்கத்தைவிட வறட்சியும் குறித்திருந்தார்கள். மூன்றே மாதம். 2025 ஜனவரி 21 அன்று, புளோரிடாவின் வடமேற்குக் கடலோர ஊரான பென்சகோலாவில் ஏறக்குறைய 9 அங்குலம் வெண்பனி விழுந்தது. பக்கத்து ஊரான மில்ட்டனில் கிட்டத்தட்ட 10 அங்குலம். அதுவரை அந்த மாநிலத்தின் சாதனையே 4 அங்குலம்தான். கடற்கரை மணலே தெரியாமல் மூடிப்போனது.

உடனே கிளம்பிய பேச்சு, "முன்னோட்டம் பொய்த்துப்போச்சு" என்பது. வரைபடத்தை நிதானமாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வழக்கத்தைவிட அதிகம், வழக்கம்போல, வழக்கத்தைவிடக் குறைவு என்று மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. எந்தத் தகவலும் கையில் இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. நோவாவின் நிறங்கள் அந்தப் பங்கு எந்தப் பக்கம் சற்றுச் சாய்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. அதுவும் மூன்று மாதச் சராசரிக்கு. பத்து நாள் விறைக்கிற குளிரும் எண்பது நாள் இதமான வெயிலுமாக ஒரு பருவம் கழிந்தால், ஏட்டில் அது வெப்பமான குளிர்காலம் என்றே பதிவாகும். தோப்புக்காரருக்கு அந்தக் கணக்கால் என்ன லாபம்? ஆரஞ்சுப் பழம் உறைந்து கெடுவதற்கு வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் நின்றால் போதும்.

இதை ஒட்டியே இன்னொரு நம்பிக்கை: பசிபிக் கடல்நீர் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டென்றால் புளோரிடாவில் உறைபனி கிடையாது, அது சூடேறியிருக்கும் எல் நினோ ஆண்டென்றால் மழையும் மேகமும் காப்பாற்றிவிடும். பாதி சரி. லா நினா காலத்தில் மேலடுக்குக் காற்றோட்டம் வடக்கே நகர்ந்துவிடுவதால், மழை கொண்டுவரும் அமைப்புகள் புளோரிடாவைத் தொடாமலே போய்விடும். அதனால்தான் வறட்சி. ஆனால் பெரும் உறைகுளிர்கள் வந்த ஆண்டுகளைப் பாருங்கள். மியாமியிலேயே வெண்பனித் துகள்கள் பறந்த 1977 ஜனவரி எல் நினோ காலம். தோப்புகளை அழித்த 1985 ஜனவரி லா நினா காலம். 1989 கிறிஸ்துமஸ் குளிர் வந்தபோது இரண்டுமே இல்லை. துருவக் காற்று எப்போது தெற்கே சரியும் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிற சங்கதி. அதை அக்டோபரில் யாராலும் சொல்ல முடியாது, இரண்டு வாரம் முன்னால் தெரிந்தாலே பெரிய விஷயம்.

"மூன்று பக்கமும் கடல், உறைபனி எப்படி வரும்?" வெளியூர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. கடல் காப்பது உண்மைதான். ஆனால் குளிர்காற்று அந்தக் கடலைக் கடந்து வந்தால்தான். குளிர்ந்த காற்று கனடாவிலிருந்து நிலத்தின் மீதே இறங்கி வடமேற்கிலிருந்து வீசும்போது, அட்லாண்டிக்கை ஒட்டிய ஜாக்சன்வில்லுக்கு முதுகுப்பக்கம்தான் கடல் இருக்கிறது. ஒரு பயனும் இல்லை. அங்கே ஆண்டுதோறும் பல இரவுகள் உறைநிலைக்குக் கீழே போகும். தென்கோடித் தீவான கீ வெஸ்ட்டுக்கோ எந்தத் திசைக் காற்றும் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 5 டிகிரி. ஓக்கிச்சோபி ஏரியின் தென்கிழக்குக் கரையில் காய்கறி போடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும்.

கடலுக்கே குளிர் பிடித்த கதையும் உண்டு. 2010 ஜனவரியில் ஆழமில்லாத விரிகுடாத் தண்ணீர் குளிர்ந்து, ஆயிரக்கணக்கான கடலாமைகள் விறைத்து மிதந்தன. கீ வெஸ்ட் அடங்கிய கீஸ் தீவுகளின் பவளப்பாறைகள் பரவலாகச் செத்தன. (குளிரில் மரத்திலிருந்து விழுகிற, உடும்பு போன்ற இகுவானாக்களைச் செத்துவிட்டதாக நினைத்து வண்டிக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். பல சமயம் அவை விறைத்துத்தான் இருக்கும், சூடேறியதும் எழுந்து ஓடும்.)

மியாமி நகரமே உறைபனியால் பிறந்தது என்றொரு கதை வெகு பிரபலம். 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த குளிர் வடக்கு, நடுப் புளோரிடாவின் ஆரஞ்சுத் தொழிலைத் துடைத்துப்போட்டது. அப்போது ஜூலியா டட்டில் என்ற பெண்மணி, ரயில் முதலாளி ஹென்றி ஃபிளாக்லருக்கு வாடாத ஆரஞ்சுப் பூக்களை அனுப்பி, எங்கள் ஊரைக் குளிர் தொடவில்லை என்று நிரூபித்தாராம். கேட்க இனிக்கிறது. ஃபிளாக்லரின் ஆள் ஜேம்ஸ் இங்கிரகாமோ, அந்தக் கிளைகளைக் கொண்டுபோனது தான்தான் என்று பின்னாளில் சொன்னார். டட்டில் அதற்கு முன்பிருந்தே நிலம் தருகிறேன், ரயிலைக் கொண்டுவாருங்கள் என்று ஃபிளாக்லரிடம் கேட்டுக்கொண்டிருந்தவர். 1896 ஏப்ரலில் ரயில் வந்ததில் பூவைவிட நில ஒப்பந்தத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இனி, நிறையப் பேரை ஏமாற்றுகிற நம்பிக்கைக்கு வருவோம். "வானம் துல்லியமா இருக்கு, காத்தும் இல்லை, இன்னிக்கு ஒண்ணும் ஆகாது." ஆபத்தான இரவு அதுதான். பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க மேலே விட்டுக்கொண்டே இருக்கும். மேகமும் காற்றின் ஈரமும் அதில் ஒரு பகுதியைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். காற்று வறண்டிருந்தால் பிடிக்க ஆளில்லை. ஈரமான இரவில் பனித்துளி படியத் தொடங்கியதும் அது வெளிவிடும் வெப்பம் வெப்பநிலை சரிவதைத் தடுத்து மெதுவாக்கும். அந்தப் படியும் நிலை, அதாவது பனிநிலை, வறண்ட காற்றில் வெகு கீழே கிடக்கும். அனுபவப்பட்ட தோப்புக்காரர் மாலையில் வெப்பநிலையைவிடப் பனிநிலையைத்தான் முதலில் விசாரிப்பார்.

"தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டுது, உறைய வழியில்லை" என்பாரும் உண்டு. அந்தக் கருவி ஆளுயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. காற்று அசையாத இரவில் புல்லின் நுனி அதைவிட மூன்று, நான்கு டிகிரி குளிர்ந்து வெள்ளை பூத்துவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நம்மூரில் சும்மா சொல்லவில்லை. ஜனவரியில் நீலகிரித் தேயிலை கருகுவதும் இதே கணக்கில்தான்.

இதற்கு நேர் எதிரான தவறு, "வெள்ளை படியலை, தப்பிச்சோம்" என்று மூச்சு விடுவது. வெள்ளை பூக்கக் காற்றில் ஈரம் வேண்டும். மிக வறண்ட இரவில் வெப்பநிலை மைனஸ் 4க்குப் போனாலும் தோப்பு பார்க்கப் பச்சையாகவே நிற்கும், திசுவுக்குள் இருக்கும் நீர் மட்டும் உறைந்திருக்கும். விடிந்து வெயில் பட்டதும் இலை எண்ணெய் தடவியது மாதிரிக் கருத்துப் பளபளக்கும், பிறகு சுருளும். பழமோ வெளியே பொன் நிறத்தில் ஒரு குறையும் இல்லாமல் தொங்கும். சில நாள் கழித்துக் குறுக்கே வெட்டினால் சுளைகள் சாறு வற்றிச் சக்கையாக, தோலிடையே வெண்ணிறப் புள்ளிகள் படிந்திருக்கும். அவை ஹெஸ்பெரிடின் என்னும் பொருளின் படிகங்கள்.

வெயில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. 1986 ஜனவரி 28 காலை, புளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் வானம் நீலமாக இருந்தது. முந்தைய இரவு உறைநிலைக்கு வெகு கீழே போயிருந்தது. ஏவுதளக் குழாய்கள் உறைந்துவிடக் கூடாதென்று தண்ணீரைச் சன்னமாக ஓடவிட்டிருந்தார்கள், அது கோபுரமெங்கும் பனிக்கட்டி விழுதுகளாகத் தொங்கியது. 11:38க்கு சேலஞ்சர் விண்கலம் கிளம்பியபோது வெப்பநிலை 2 டிகிரி. அதற்கு முன் மிகக் குளிரில் நடந்த ஏவுதல் 12 டிகிரியில்தான். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் விறைத்து, அடைக்க வேண்டிய இடைவெளியை அடைக்கத் தவறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

தற்காப்பு முறைகளிலும் கட்டுக்கதைகள் உண்டு. புகை மூட்டம் போட்டால் குளிர் இறங்காது என்பது பழைய நம்பிக்கை. புகைத்துகள் மிக நுண்ணியது, தரையிலிருந்து போகும் வெப்பத்தை அது மறிக்காது. காப்பாற்றியது நெருப்பின் சூடு. கோபுர விசிறிகளுக்கு வேறு கதை: அமைதியான இரவில் பத்து மீட்டர் உயரத்தில் காற்று தரையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும், விசிறி அதைக் கீழே இழுத்துக் கலக்கும். காற்று பலமாக வீசும் குளிரில் மேலே அந்தச் சூடே இராது, விசிறி ஓடுவது எரிபொருளுக்குக் கேடு.

பத்திரிகைகளுக்குப் பிடித்த படம், பனிக்கட்டிக்குள் தொங்கும் ஆரஞ்சு அல்லது ஸ்ட்ராபெரி. "பனி போர்வையாகக் காக்கிறது" என்று கீழே எழுதுவார்கள். போர்வை ஒன்றும் இல்லை. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது, அதில்தான் செடி உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. ஆகவே தண்ணீர் தொடர்ந்து விழுந்து தொடர்ந்து உறைய வேண்டும். விடியற்காலையில் பண்ணைக்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டியின் நிறத்தை: கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் நீர் போதும், பால்போல வெளுத்திருந்தால் போதவில்லை. நடுவில் மோட்டார் நின்றால் தெளிக்காத தோப்பைவிட மோசம். ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை உறிஞ்சிக்கொள்ளும், உறைந்து தந்ததைப்போல ஏழு மடங்குக்கும் மேல். வறண்ட காற்று பலமாக வீசும் இரவில் இதுதான் நடக்கும். 1962 டிசம்பரில் மேலிருந்து தெளித்த தோப்புகளில் மரங்கள் கூடுதலாகக் கருகின, கட்டியின் பாரத்தில் கிளைகளும் முறிந்தன.

தண்ணீர் இலவசம் என்ற எண்ணம் 2010 ஜனவரியோடு போயிற்று. பிளாண்ட் சிட்டி சுற்றுவட்டார ஸ்ட்ராபெரி பண்ணைகள் பதினொரு நாள் இரவிரவாக நிலத்தடி நீரை இறைத்தன. நீர்மட்டம் சுமார் 60 அடி சரிந்தது. சுண்ணாம்புக்கல் பூமி தாங்கவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தரை உள்வாங்கிப் பள்ளங்கள் விழுந்தன. சாலைகளும் வீடுகளும் சேதப்பட்டன, அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகள் வறண்டன. அடுத்த ஆண்டே நீர் மேலாண்மை மாவட்டம் என்னும் அமைப்பு அப்பகுதிக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்து, உறைபனி இரவுகளில் இறைக்கும் நீரைக் குறைக்கச் சொன்னது.