தூரமும் முகமும்

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவின்போது மாடி வராந்தாவிலிருந்து எடுத்த படம் ஒன்றை எங்கள் வகுப்பினர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். மைதானத்தின் கோடியில் நின்ற பெண் எங்கள் தோழி ஒருத்திதான் என்று பாதிப் பேர் அடித்துச் சொன்னோம். அவளோ அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவள்! எல்லோரும் சிரித்தோம். இதே தவறை ஓர் இயந்திரம் செய்தால் என்ன ஆகும் என்று பின்னர் படித்தறிந்தபோது சிரிப்பு அடங்கியது.

காமிரா பதியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. தையல் வகுப்பில் கட்டத் துணியில் பூப் போடுகிறோம் அல்லவா? கட்டங்கள் நிறைய இருந்தால் ரோஜாவை ரோஜாவாகவே தைக்கலாம். நான்கே கட்டங்கள் என்றால் அது ரோஜாவா, செம்பருத்தியா, யார் சொல்வது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலவாக்கில் 1920 புள்ளிகள் கொண்ட காமிரா ஒன்று, 5 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் அகலத்தைக் காண்கிறது என்று கொள்வோம். 15 செ.மீ. அகலமுள்ள முகத்துக்கு அங்கே சுமார் 58 புள்ளிகள் கிடைக்கும். 10 மீட்டரில் 29. 20 மீட்டரில் 14 மட்டுமே. தூரம் இரு மடங்கானால் முகத்தின் பரப்பில் விழும் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகிவிடும். பாஸ்போர்ட் படங்களுக்காக 2005இல் வெளியான சர்வதேசத் தரவிதியோ, இரு கண்களுக்கு இடையே மட்டும் சுமார் 90 புள்ளிகள் வேண்டும் என்றது!

முகமறியும் இயந்திரம் முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, தன்னிடமுள்ள படங்களோடு ஒப்பிடுகிறது. புள்ளிகள் குறைந்தால் பல முகங்கள் ஒன்றுபோலாகிவிடும். தொலைவைக் கிட்டக் காட்டும் லென்ஸ் இருந்தால் ஓரளவு உதவும். எடுத்து முடித்த படத்தைப் பெரிதாக்குவதால், பதியாத விவரம் வந்துவிடாது.

அதற்காக மிக நெருங்கினாலும் நன்றன்று. ஓர் அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, ஐந்து அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டனர்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கடைக் காமிராவின் மங்கலான படத்தை இயந்திரத்தில் இட்டபோது, ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் வந்தது. 2020 ஜனவரியில் மனைவி மக்கள் கண்ணெதிரே அவரைக் கைது செய்தனர். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் குற்றமற்றவர். இயந்திரத்தின் விடையை மட்டும் நம்பி எவரையும் கைது செய்வதில்லை என்று 2024இல் அந்நகரக் காவல்துறை ஒப்புக்கொண்டது.

இயந்திரம் தந்தது ஓர் ஊகம். அதைத் தீர்ப்பாக்கியவர்கள் மனிதர்கள். அன்பார்ந்த தோழியரே, தூரத்தில் கண்டதை வைத்து, "அவளேதான், நான் பார்த்தேன்" என்று நாமும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் பெரியோர். காமிராவின் கண்ணுக்கும் அது பொருந்தும். ஆகவே, ஒருவர்மீது பழி சொல்லுமுன் அருகில் சென்று பார்ப்போம், விசாரித்துத் தெளிவோம்.