உங்கள் ஊர் ஏரிக்கு எந்தச் செயற்கைக்கோள்?

ஏரியில் எத்தனை ஏக்கருக்கு நீர் நிற்கிறது, முப்பது வருஷத்தில் எவ்வளவு பரப்பு போய்விட்டது என்று பார்க்க நினைப்பவருக்கு இன்று படத்துக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல், நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் எல்லாமே காசு வாங்காமல் படம் தருகின்றன. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலோர் "எத்தனை மீட்டர் துல்லியம்?" என்று கேட்டு, சின்ன எண்ணாகப் பார்த்து இறக்கிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. எந்த மாதத்தைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை ஆண்டு பின்னால் போகவேண்டும் என்ற இரண்டும் அதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

இந்தக் கோள்கள் எல்லாமே சூரிய ஒத்திசைவுப் பாதையில் சுற்றுபவை. 690 முதல் 820 கி.மீ. உயரத்தில், சுமார் 98 டிகிரி சாய்வில், துருவங்களை ஒட்டிப் போகின்றன. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் இந்தப் பாதை நாளுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி திரும்பிக்கொண்டே இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதுதான். அதனால் செயற்கைக்கோள் ஓர் ஊரைக் கடக்கும் உள்ளூர் நேரம் மாறுவதில்லை. லேண்ட்சாட்டுக்குக் காலை பத்து மணியை ஒட்டி. சென்டினல்-2, ரிசோர்ஸ்சாட் இரண்டுக்கும் பத்தரை. போன ஜனவரிப் படத்திலும் இந்த ஜனவரிப் படத்திலும் வெயில் ஒரே சாய்வில் விழுந்திருக்கும், ஒப்பிடலாம். ஜனவரியையும் மே மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஏரி சுருங்கிவிட்டது" என்று எழுதுவது வேறு கதை. அதில் சுருங்குவது பருவம்.

இப்போதைய நிலவரம் மட்டும் போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சென்டினல்-2. முதல் கோள் 2015 ஜூனில் ஏறியது, இரண்டாவது 2017 மார்ச்சில். இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு வரும்படி அமைத்த ஏற்பாடு. முக்கியமான நான்கு அலைவரிசைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சுமார் இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலுக்குள் 22 சென்ட் அடங்கிவிடும். சிறு குட்டையும் ஊரணியும் லேண்ட்சாட்டில் நாலைந்து புள்ளியாகச் சுருங்கும், சென்டினலில் கரையின் வளைவே தெரியும்.

ஆனால் எந்தப் படத்திலும் ஏமாற்றும் ஒன்று உண்டு: ஆகாயத்தாமரை. அருகு அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், பச்சை இலை அதைத் திருப்பி அனுப்பும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி கணினிக்கு வயலாகத்தான் படும். நீர்ப்பரப்பு திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால், ஆக்கிரமிப்பு என்று அறிக்கை எழுதுமுன் கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைதான் உண்மையான சோதனை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஏரி நிரம்பும் அந்த வாரங்களில்தான் நமக்குப் படம் வேண்டும். அப்போதுதான் வானம் மூடியிருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற நாட்களில், வெயிலை நம்பிப் படமெடுக்கும் கோள் எத்தனை மீட்டர் துல்லியமாக இருந்தென்ன, மேகத்தின் முதுகைத்தான் காட்டும். அங்கே எடுபடுவது ரேடார். சென்டினல்-1 தானே அலையை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்கிறது. மேகமும் இருட்டும் அதற்குப் பொருட்டில்லை. ஒரு கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். இதன் நேரமும் வேறு: காலை ஆறு, மாலை ஆறை ஒட்டி. பகலும் இரவும் சேரும் கோட்டின் மேலேயே சுற்றுவதால் சூரியத் தகடுகளுக்கு வெயில் தடைபடுவது அரிது. மின்சாரம் நிறையத் தின்னும் ரேடாருக்கு அது தோது.

ரேடார் படத்தைப் படிக்கப் பழக வேண்டும். அலையில்லாத நீர் கறுப்பாகத் தெரியும், காற்று கிளப்பிய நீர் வெளுத்துவிடும். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய சம்பா வயலும் ஏரியைப் போலவே கறுப்புதான். பயிர் வளர வளர அந்தக் கறுப்பு வெளுக்கும், ஏரி அப்படியே இருக்கும். எனவே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்லாமல், நாலைந்து தேதிகளை வரிசையாகப் பாருங்கள். டெல்டாவில் இதை மறந்தால் தஞ்சாவூரே வெள்ளத்தில் மூழ்கியதாக வரைபடம் வரும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் என்ற ரேடார் கோள் இன்னும் நீண்ட அலையையும் பயன்படுத்துகிறது. அது இலைகளை ஊடுருவும் என்பதால், செடி மறைத்த நீரைத் தேடுகிறவர்கள் அதன் மேல் ஒரு கண் வைக்கலாம்.

பழைய கதை வேண்டுமென்றால் லேண்ட்சாட்டுக்கு மாற்றே இல்லை. முதல் கோள் 1972இல் போனது. 30 மீட்டர் படங்கள் 1980களிலிருந்து இருக்கின்றன, நடுநடுவே இடைவெளிகளோடு. 2008இல் அந்தச் சேமிப்பு முழுவதையும் இலவசமாக்கினார்கள். இந்தத் துறையில் எந்தப் புதுக் கேமராவையும்விடப் பெரிய காரியம் அது என்பேன். ஒரு கோள் 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும். இப்போது 8, 9 இரண்டும் இருப்பதால் எட்டு நாள். சென்டினல்-2இல் இல்லாத வெப்ப அலைவரிசையும் உண்டு. லேண்ட்சாட்-7 படங்களை எடுத்தால் ஒரு கவனம்: 2003 மே மாதக் கடைசியில் பழுதான கருவியால் அதன் பிறகு வந்த எல்லாவற்றிலும் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும்.

ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ படங்களை இஸ்ரோவின் பூநிதி தளத்தில் பதிவுசெய்து எடுக்கலாம். லிஸ்-4 கருவியின் 5.8 மீட்டர் பிக்சல் ஒரு சென்டுக்கும் குறைவு. வாய்க்கால், கலுங்கு, கரை உடைப்பு என்று பார்க்க அதுவே நல்லது. ஆனால் நீல அலைவரிசை கிடையாது. பயிர் சிவப்பாகத் தெரியும் படம்தான் வரும்; பத்திரிகையில் போடுவதானால் வாசகருக்கு ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். தினமும் படம் தரும் மோடிஸ் கருவி ஏரிக்கு ஆகாது. அதன் 250 மீட்டர் பிக்சலில் பதினைந்து ஏக்கர் கரைந்துபோகும். அதைச் சுமக்கும் டெர்ரா கோளில் எரிபொருள் தீர்ந்துவர, 2020க்குப் பிறகு பத்தரை மணி ஒழுங்கும் தளர்ந்துவிட்டது.

இரண்டு கோள்களைக் கலந்து பார்க்கும்போது ஒரு வேலையை விடக்கூடாது. 1990இன் லேண்ட்சாட் படத்தோடு இன்றைய சென்டினலை ஒப்பிடுவதானால், சென்டினல் படத்தை முதலில் 30 மீட்டருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அன்று பிக்சலுக்குள் ஒளிந்திருந்த குட்டைகளெல்லாம் இப்போது புதிதாக வெட்டியவை போலக் கணக்கில் ஏறிவிடும். இரண்டையும் 30 மீட்டரில் ஒத்திசைத்து நாசா தரும் தொகுப்பும் இருக்கிறது; 2013க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அதையே எடுத்துக்கொண்டால் இந்த வேலை மிச்சம்.