ஒரு பேருக்காக: ‘தி குரூசிபிள்’ நாடகம் படிக்க முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’ முதல் பத்துப் பக்கத்திலேயே மூச்சு முட்டும். ஆட்கள் ஏராளம், பேச்சு பழைய பாணி. போதாததற்கு மில்லரே நடுவில் புகுந்து பக்கம் பக்கமாகச் சரித்திரம் சொல்வார். அந்தப் பகுதிகளை முதல் வாசிப்பில் தாண்டிப் போனால் குற்றமில்லை.

நாடகத்தைத் திறக்கிற சொல் ஒன்று ஏற்கெனவே உங்கள் லயத்தில் புழங்குகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மா, “இன்னைக்கி அரைப்பேருதான் போட்டாங்க” என்கிறாரே, அந்தப் ‘பேர்’. ஒரு நாள் உழைப்பு, கூலி, ஆள் மூன்றும் அதில் அடக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

1. மூன்று ஆண்டுகளை மனதில் போடுங்கள்

1692: அமெரிக்காவின் மசசூசெட்ஸில் சேலம் என்ற ஊர். சூனியக்காரர்கள் என்று தீர்ப்பாகி 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைப் பாரக்கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

1953: ஜனவரி 22ஆம் திகதி நியூயோர்க்கில் நாடகம் மேடையேறியது. செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த நேரம். மூன்று வருடம் கழித்து மில்லரையே நாடாளுமன்ற விசாரணைக் குழு கூப்பிட்டு, கூட இருந்தவர்களின் பேரைக் கேட்டது. அவர் சொல்லவில்லை. 1957இல் குற்றவாளி என்றார்கள். 1958இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது.

மூன்றாவது ஆண்டு பாடப்புத்தகத்தில் இருக்காது, நான் சேர்ப்பது: 1948. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, இந்த நாட்டைச் சேர்ந்தவர்கள்தான் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நம் பாட்டன்மார் தலையில் விழுந்தது. சேலம் நீதிமன்றத்திலும் அதே கதை. சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம், அதனால் பாதிக்கப்பட்டவள் சொல்வதே சாட்சி என்கிறார் நீதிபதி டான்ஃபோர்த். அப்படியென்றால் ‘நான் செய்யவில்லை’ என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

2. ஆட்களை நிலத்தோடு சேர்த்து எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரிசை போடுங்கள்: யார் யார்மேல் குற்றம் சொன்னார்கள், சொன்னதால் என்ன கிடைத்தது. ஊர்ப் பணக்காரர் தோமஸ் பட்னத்துக்கு நேரே ‘காணி’ என்று எழுத வேண்டியிருக்கும். குற்றவாளியின் நிலம் ஏலத்துக்கு வரும், வாங்குகிற வசதி அவரிடம்தான் இருக்கிறது. குற்றம் சாட்டும் பெண்பிள்ளைகளின் தலைவி அபிகெய்லுக்கு நேரே, அவள் ஆசைப்பட்ட கதாநாயகன் ‘புரொக்டர்’. டிட்யூபாவுக்கு நேரே எதுவும் வராது. பார்படோஸிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப்பெண் அவள். அடிப்பேன், தூக்கில் போடுவேன் என்று பெரியவர்கள் மிரட்டியபோது, அவர்கள் கேட்க விரும்பிய பேர்களைச் சொல்கிறாள். ஆரம்பம் அங்கேதான்.

3. இரண்டாம் அங்கத்தில் நிதானம்

பாதிரியார் ஹேல், ஜோன் புரொக்டரிடம் பத்துக் கட்டளைகளையும் சொல்லச் சொல்கிறார். விரல் விட்டு எண்ணியும் ஒன்பதோடு நின்றுவிடுகிறான். விட்டுப்போனதை மனைவி எலிசபெத் மெதுவாக எடுத்துக்கொடுக்கிறாள்: விபசாரம். அபிகெய்லோடு அவன் செய்த தவறு அதுதான். தவறு செய்தவனைக் கதாநாயகனாக வைத்ததில்தான் மில்லரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. யோக்கியன் ஒருவன் நேர்மையாக நிற்பதில் என்ன நாடகம்?

அதே அங்கத்தில் வேலைக்காரப் பெண் மேரி வாரன் தைத்த துணிப்பொம்மை வருகிறது. அதன் வயிற்றில் ஊசி. செய்வினைப் பொம்மைக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஊசி யார் கண்ணெதிரே குத்தப்பட்டது என்பதைத் தேடிக் கோடிடுங்கள்.

4. மூன்றாம் அங்கம்: தப்பில்லாமல் சாமி வருமா?

குற்றம் சாட்டிய பெண்பிள்ளைகள் எல்லோரும் நடித்தே மயங்கினோம் என்று மேரி ஒப்புக்கொள்கிறாள். “அப்படியானால் இப்போது மயங்கிக் காட்டு” என்கிற மாதிரி நீதிமன்றம் கேட்கிறது. அவளால் முடியவில்லை. முதலில் வாசித்தபோது எனக்கு இது செயற்கையாகப் பட்டது. பிறகு காமன் கூத்து நினைவுக்கு வந்தது. மாசி இரவில் தப்பு மேளம் உச்சத்துக்குப் போக, ரதியின் அழுகையில் சனமே கரையும்போது ஒருவருக்கு அருள் வருகிறது. மறுநாள் பகலில் அதே ஆளை இழுத்து நிறுத்தி ‘இப்போது ஆடு’ என்றால் ஆடுவாரா? அது பொய் என்று அர்த்தமில்லை. கூட்டம் இல்லாமல் அது நடக்காது, அவ்வளவுதான். சேலம் பிள்ளைகளுக்கு நீதிமன்றமே கூட்டமாகவும் தப்பாகவும் இருந்தது. வித்தியாசம் ஒன்று: நம் கூத்துக்களத்தில் வந்த அருள் எவரையும் தூக்குமரத்துக்கு அனுப்பவில்லை.

இந்தியாவில் சூனியப் பழி இன்றும் உயிரை வாங்குகிறது. அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொன்றிருக்கிறார்கள். அதை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்த பிருபாலா ராபா 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கட்டுரையில் இதைச் சேர்த்தால், நாடகம் பழைய சங்கதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

5. நான்காம் அங்கம்: கையெழுத்து

உயிர் பிழைக்கப் பொய்யாக ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிடுகிறான் புரொக்டர். ஆனால் தேவாலயக் கதவில் ஒட்டத் தாளைக் கொடுக்க மனம் வராமல் பிடுங்கிக் கிழிக்கிறான். வாயால் சொன்னது போதாதா, தாள் எதற்கு? ஏனென்றால் அவனுக்குக் கீழே கையெழுத்துப் போட அடுத்த ஆள் வேண்டும். ஒப்புதலைவிட அவன் பேர்தான் அவர்களுக்குப் பெறுமதி. கைநாட்டு வைத்த தாளொன்று ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டுவிட்டு இந்தப் பக்கங்களை மறுபடி வாசியுங்கள்.

6. சத்தமாக வாசியுங்கள்

1996இல் வந்த படத்துக்கு மில்லரே திரைக்கதை எழுதினார். வாசித்த பிறகு பாருங்கள், முன்னால் வேண்டாம். நிஜத்தில் அபிகெய்லுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயதுதான், புரொக்டர் அறுபதைத் தொட்டவர். மில்லர் வயதை மாற்றினார். ஏன் என்பது நல்ல பரீட்சைக் கேள்வி.

ஐந்தாறு பேர் சேர்ந்தால் கடைசி அங்கத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். தப்பு அடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து ஓரமாக உட்கார வையுங்கள். கடைசிப் பக்கத்தில் விடிகிறது, எலிசபெத் சன்னல் கம்பியைப் பிடித்து நிற்கிறாள், தூக்குமேடை முரசு கேட்கிறது. அந்த இடத்தில் அவர் பெரட்டுத் தப்பை அடிக்கட்டும், முன்பெல்லாம் விடியலில் தோட்டத்து ஆட்களை எழுப்பியதே, அந்த அடி.