காப்பி செய்தேனா, செய்து கொண்டிருந்தேனா?

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் ஹேங் ஆகி நின்றுவிட்டது. அக்காவின் திருமணப் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கிற்கு காப்பி செய்து கொண்டிருந்த நேரம் அது. கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, நடந்ததை ஆங்கிலத்தில் மெயிலாக அனுப்பினேன்: "ஐ காப்பீட் தி போட்டோஸ். தென் தி சிஸ்டம் ஹங்."

படித்தவர் போட்டோக்கள் பத்திரமாக இருப்பதாக எடுத்துக் கொண்டார். டிஸ்க்கை பார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் பதிந்து கொடுத்தார். வீட்டிற்கு வந்து பார்த்தால், வெளி டிஸ்க்கில் பாதிப் போட்டோக்கள்தான் இருந்தன. தவறு அவருடையதல்ல. "ஐ வாஸ் காப்பியிங் தி போட்டோஸ் வென் தி சிஸ்டம் ஹங்" என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை எளிதாக நினைவில் வைக்கலாம். பைல் காப்பி ஆகும்போது திரையில் பச்சைக் கோடு ஓடும் அல்லவா? கோடு ஓடிக் கொண்டிருந்தால் பாஸ்ட் கன்டினியுவஸ். வாஸ் அல்லது வேர் போட்டு, வினைச்சொல்லோடு "இங்" சேர்க்க வேண்டும். வேலை முடிந்து அந்த விண்டோ மூடிவிட்டால் சிம்பிள் பாஸ்ட். காப்பீட், சேவ்ட், டெலீட்டட் என்று எழுத வேண்டும். தமிழில் "செய்து கொண்டிருந்தேன்", "செய்தேன்" என்று சொல்வதும் இதே வேறுபாடுதான்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது, நடந்து கொண்டிருந்த வேலை கன்டினியுவஸில் வரும். இடையில் குறுக்கிட்டது சிம்பிள் பாஸ்ட்டில் வரும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. "வென் தி பவர் வென்ட், ஐ வாஸ் சேவிங் தி லெட்டர்." சேவ் செய்து கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. கடிதம் பதிவாகியிருக்கும் என்று நம்ப முடியாது.

2. "வென் தி பவர் வென்ட், ஐ சேவ்ட் தி லெட்டர்." கரன்ட் போனது, உடனே சேவ் செய்தேன். யுபிஎஸ் இருந்திருக்கிறது, கடிதம் பத்திரம்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வினைச்சொல்லோடும் "இங்" ஒட்டாது. தெரிந்திருப்பது, விரும்புவது போன்றவை ஒரு நிலையைச் சொல்பவை, செயலை அல்ல. பாஸ்வேர்ட் தெரியும் என்பதற்கு "ஐ நியூ தி பாஸ்வேர்ட்" என்பதே சரி. "ஐ வாஸ் நோயிங்" என்று எழுதாதீர்கள்.

இன்று சாப்ட்வேர் என்ஜினியராக இருக்கும் நான், பயனாளர்கள் அனுப்பும் பிழைக் குறிப்புகளை அடிக்கடி படிக்கிறேன். "ஐ இன்ஸ்டால்டு தி அப்டேட்" என்று ஒருவர் எழுதினால், அப்டேட் முழுமையாக முடிந்தது என்று நினைத்துத்தான் பிழையைத் தேடத் தொடங்குவேன். பாதியில் நின்றிருந்தால் தேட வேண்டிய இடமே வேறு.

ஆகவே அடுத்த முறை உதவி கேட்டு மெயில் அனுப்பும் முன், "முடித்தேனா, செய்து கொண்டிருந்தேனா?" என்று முதலில் தமிழில் கேட்டுக் கொள்ளுங்கள். பாதியில் நின்றிருந்தால், எவ்வளவு முடிந்திருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.